நான்கு பக்கம், நான்கு முத்திரை

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நான் நலம், அப்பா முக்கால் நலம், மிச்சக் கால் அவருடைய வலது முழங்காலில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. நீ நலமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், ஆனால் குரலில் ஜலதோஷம் கேட்கிறது, அதைப் பற்றி உன்னிடமிருந்து ஒரு வார்த்தை காணோம். போனில் உன்னோடு பேசுவதும் ஒரு பேச்சா? நான் பாதி சொல்வதற்குள் "சரிம்மா சரிம்மா, கிளாஸுக்கு நேரமாச்சு, வைக்கட்டுமா" என்று நீ பறந்துவிடுகிறாய், எனக்கு மீதி வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அசல் காகிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னாய் அல்லவா, அதே உறைக்குள் இந்தக் கடிதமும் வருகிறது. பிரித்தவுடன் இதைத் தனியே எடுத்து வைத்துவிடு. அவசரத்தில் மொத்தமாகக் கொண்டுபோய் உங்கள் பல்கலைக்கழக அலுவலக ஜன்னலில் நீட்டிவிடாதே, அப்பாவின் முழங்காலைப் பற்றி உங்கள் கமிட்டிக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது.

முதலில் வீட்டுச் சேதி. அப்பா போன வாரம் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுதுபார்க்கப் போனார், பார்த்து முடித்துவிட்டு, இனி பத்து வருடத்துக்கு இது நிற்காது என்று அங்கே இருந்த பல் டாக்டரிடம் பெருமையாகச் சொல்லி, அவரையும் ஏற்றிக்கொண்டு கீழே கிளம்பினார், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். அந்த டாக்டர் சும்மா இருக்காமல் இவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பின்பல் ஒன்று சொத்தை என்று கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து லிஃப்ட் நின்றதற்கு மின்சாரம்தான் காரணம், என் வேலை சுத்தம் என்று மூன்று நாள் வாதாடினார். நான் சிரிக்க மட்டும் செய்தேன், அதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் புதிதாக லென்ஸ் தேய்க்கும் மெஷின் வந்திருக்கிறது, சத்தமே இல்லை, முதலாளி அதைக் குழந்தையைத் தொடுவது போலத் தொடுகிறார், எங்களை விடுவதில்லை. உனக்கு மாற்றுக் கண்ணாடி ஒன்று செய்து வைத்திருக்கிறேன், அதைத் தனிப் பெட்டியில் அனுப்புகிறேன், இந்த உறையோடு வந்தால் நசுங்கிவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முந்தின வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் நீ அழுதுகொண்டே போன் செய்தாயே, அதற்குப் பிறகு இங்கே நடந்ததில் காலே அரைக்கால்தான் உனக்குத் தெரியும். வேண்டிய காகிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான் நீ கண்டது. அது எப்படி வந்தது என்பதை முழுசாகச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது. அதில் நான் மறைத்த ஒரு சமாசாரமும் இருக்கிறது, அது நடுவில் வரும், அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டாதே.

நீ போனை வைத்த கையோடு உன் அத்தை கூப்பிட்டார். அழுகைக்கு மட்டும் அவருக்கு எப்படித்தான் மூக்கு வியர்க்கிறதோ. என்ன நடந்தது என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்கே பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது. நான் சொன்னது இதுதான், தப்பிருந்தால் திருத்து. நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறைக்கு உனக்கு இரண்டு மதிப்பெண் பற்றவில்லை, அதனால் கணிதத் துறையில் சேர்ந்தாய். சேர்ந்தும் மனசு அங்கே இல்லை, கம்ப்யூட்டர் பாடம் இரண்டைக் கூடுதலாக எடுத்துப் படித்து இரண்டிலும் முதல் ஆளாக வந்தாய். துறை மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டாய், "இடமில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அப்புறம் நீ இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாய், அதுவும் அரசுப் பல்கலைக்கழகம்தான், ஆனால் இரண்டாம் வருடத்தில் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆறே இடம், முந்நூறு பேருக்கு மேல் மோதினார்கள், அந்த ஆறில் ஒன்று நீ. ஆனால் ஒரு நிபந்தனை. இங்கே படித்த பாடமும் அங்கே நடத்தும் பாடமும் ஒன்றுதான் என்று அவர்கள் கமிட்டி ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கே நீ கூடுதலாக எடுத்த பாடத்தில் ஒன்றுக்குப் பெயர் "நிரல் எழுதுதல் இரண்டு", அங்கே பெயர் "தரவுக் கட்டமைப்பு". பெயர் வேறாக இருக்கிறதே என்று கமிட்டி கொக்கி போட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் முழுப் பாடத்திட்டமும் கையெழுத்தும் முத்திரையுமாக வந்து சேராவிட்டால் கம்ப்யூட்டர் இடம் போச்சு, ஒன்று புள்ளியியல் துறைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டும். வீட்டில் உன்னை வாலு என்கிறோம், சான்றிதழில் வேறு பெயர், ஆள் ஒன்றுதானே, அது போலத்தான் இதுவும் என்று அத்தைக்குச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இங்கயே கணக்கை ஒழுங்கா முடிச்சிருக்கலாம்ல" என்றார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியும், சண்டை வந்துவிடும் என்று அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு உன் பழைய பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அந்த நிர்வாகக் கட்டடத்தில் நீ மூன்று தடவை வரிசையில் நின்றிருக்கிறாய், உனக்கு நான் வர்ணிக்க வேண்டாம், அந்தப் பச்சைச் சுவர், ஒரு கால் ஆடும் பெஞ்சு, எண் கொடுக்கும் மெஷினுக்கு மேலேயே அது வேலை செய்யவில்லை என்று ஒட்டியிருக்கும் காகிதம். மூன்றாவது மாடியில் பாடத்திட்டப் பிரிவு. அங்கே உட்கார்ந்திருந்த அம்மா, வெளியே வெயில் கொளுத்துகிறது, ஊதா ஸ்வெட்டர் போட்டிருந்தார், ஏனென்றால் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே அவர் நாற்காலி. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். மனு எழுதிக் கொடுத்துவிட்டு வியாழக்கிழமை வாருங்கள் என்றார். வியாழனா, வெள்ளி நாலு மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டுமே என்றேன். "வியாழனுக்கு அடுத்து வெள்ளிதானேம்மா வருது" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் எட்டரைக்கே போய் அந்த ஆடும் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸ்வெட்டர் அம்மா வந்து, தேநீர் குடித்து, கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு கோப்பைத் திறந்து, இன்னொரு கோப்பைத் திறந்து, கடைசியில் தலையை ஆட்டினார். "கிடைக்காதும்மா. இந்த வருஷம் பாடத்திட்டத்தையே மாத்திட்டாங்க. புதுசுதான் இருக்கு, பழசுல பாடத்தோட பேரு மட்டும்தான் ஒரு வரி இருக்கு. அந்த ஒரு வரிக்கு வேணும்னா முத்திரை குத்தித் தரேன்" என்றார். பெயர்தானே பிரச்சினை, அந்தப் பெயரையே முத்திரை குத்தி அனுப்பி என்ன செய்வது. வேறு வழி இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். கடுமையாக எல்லாம் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

இப்போது அந்த மறைத்த சமாசாரம். மாடிப்படி இறங்கினேன். மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து முதலாவது. அழ வேண்டிய நேரம், இல்லையா? என் மனசுக்குள் குஷி, வாலு. பொய் சொல்லவில்லை, உள்ளுக்குள் விசிலடிக்காத குறை. குழந்தை வந்துவிடுவாள், காலையில் குளியலறைக் கதவை இடித்து வெளியே வா என்று கத்தலாம், ஈரத் துண்டை நாற்காலியில் போடாதே என்று திட்டலாம், சாயங்காலம் பேருந்து நிறுத்தத்திலிருந்து கடைக்கு வருவாள், சேர்ந்து வீட்டுக்கு நடக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்குகிறேன். இரண்டு மாடி தூரம் நான் அப்படி ஒரு அம்மாவாக இருந்தேன். நீ அங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாய் என்ற நினைப்பே வரவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் ஜன்னலோரம் நின்றபோது போன் அடித்தது, அப்பா. "என்னாச்சு, கிடைச்சுதா" என்றார். கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள், இதுதான் உண்மை, இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "தேடிட்டு இருக்காங்க" என்று வந்தது. "சரி, விடாத, நான் வேணும்னா வரட்டுமா" என்றார் அப்பா. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. இருபத்து நாலு வருடத்தில் அந்த மனுஷனிடம் சேலை விஷயம் தவிர வேறு எதிலும் நான் பொய் சொன்னதில்லை. அந்த ஜன்னலோரத்தில் நின்று யோசித்தேன். சொன்னது சொல்லியாயிற்று, தேடுகிறார்கள் என்று சொன்னால் யாராவது தேடத்தானே வேண்டும். வேறு யாரும் இல்லை. திரும்பி ஏற ஆரம்பித்தேன். ஏறும்போது மூச்சு வாங்கியது, ஆனால் அந்தக் குஷி இருந்த இடம் தெரியவில்லை.

ஸ்வெட்டர் அம்மா என்னை மறுபடி பார்த்ததும் பெருமூச்சு விட்டார். நான் ஒரே கேள்விதான் கேட்டேன், அந்தப் பாடத்தை நடத்தியவரே இன்ன இன்ன நடத்தினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முத்திரை குத்துவீர்களா? அவர் கொஞ்சம் யோசித்து, "துறைத் தலைவரும் கையெழுத்துப் போடணும்" என்றார். நடத்தியவர் யார் என்று எனக்குத் தெரியும், நீ "கமா" என்று கேலி பேசுவாயே, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு விடுவாரே, அவர். அவர்தான் இப்போது துறைத் தலைவர் என்று ஸ்வெட்டர் அம்மா சொன்னபோது ஒரே ஆளிடம் இரண்டு கையெழுத்தும் முடிந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அவர் அறை வாசல் வரைக்கும்தான்.

அவர் அறை பக்கத்துக் கட்டடத்தில், தரைத்தளத்தில், கதவுக்கு வெளியே நாலு பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை அடுக்கி வைத்து அதன் மேல் ஒரு செடி. உள்ளே போய் நான் இன்னாருடைய அம்மா என்று உன் பெயரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓ. அவளா," என்றார், நிறுத்தினார், "போயிட்டாளே" என்றார். நான் கையில் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே, "துறை மாத்திக் கேட்டாள்ல, அந்தக் கமிட்டியில, நான்தான் இருந்தேன்" என்றார். அந்த ஒற்றை வரி வந்த அன்று நீ சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. அதை எழுதிய கை இதுதானா, அதே கையிடம்தான் கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறேனா என்று ஒரு நிமிடம் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கோபமாகத்தான் கேட்டேன், "வகுப்புல முதல் ஆளா வந்த புள்ளைக்கு இல்லாத இடம் யாருக்கு சார் இருந்துச்சு?" அவர் கோபப்படவில்லை. "நாப்பது நாற்காலி. நாப்பது பேரு உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் எழுந்தாதான், இன்னொருத்தருக்கு. யாரும் எழுந்திருக்கல" என்றார். இன்னொரு தடவை நிறுத்தினார். "இடமில்லைன்னுதான் எழுதினேன்மா. தகுதியில்லைன்னு எழுதல. அவளுக்கு அது ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கும், அந்த வயசுல தெரியும்."

வந்த விஷயத்தைச் சொன்னேன். அங்கே எத்தனை இடம் என்று கேட்டார். ஆறு என்றேன். எத்தனை பேர் என்றார். முந்நூறுக்கு மேல் என்றேன். அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது, சிரித்தார் என்று சொல்ல முடியாது, உதடு ஒரு பக்கம் போனது. நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி, கேட்காமலே தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டார். ஒரு பக்கம் போதும் சார் என்றேன். "ஒரு பக்கம் பத்தாது. வாராவாரம் என்ன நடத்தினேன், எத்தனை மணி நேரம், என்ன பரீட்சை, எல்லாம் எழுதினாதான், அவங்களால மறுக்க முடியாது" என்றார். ஒன்றே கால் மணி நேரம் எழுதினார். கடைக்குப் போன் செய்து முழு நாளும் விடுப்பு என்று சொல்லிவிட்டேன், முதலாளி புது மெஷினைக் கொஞ்சிக்கொண்டு இருந்தார் போல, சரி சரி என்றார்.

அவர் தட்டச்சு செய்வதைப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, கண்ணாடியின் அடி ஓரம் வழியாகத் திரையைப் பார்க்கிறார், கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி. படிக்கிற பவர் ஏறி ஒரு வருடமாவது இருக்கும், ஆள் கவனிக்கவில்லை. போதாததற்கு ஒரு பக்கம் மூக்கில் உட்காரும் அந்தச் சின்ன ரப்பரே இல்லை, கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது. நாலு பக்கம் அச்செடுத்து மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போடப் போனார், நான் ஒரு நிமிடம் என்று வாங்கிப் படித்தேன். இது கடைப் பழக்கம். கண் டாக்டர் சீட்டில் ஒரு மைனஸுக்குப் பதில் பிளஸ் விழுந்தால் ஒரு ஆள் படியில் தடுக்கி விழுவார், அதனால் யார் எழுதிக் கொடுத்தாலும் நான் ஒரு தடவை விரல் வைத்துப் படிக்காமல் விடமாட்டேன். விஷயம் எனக்கு என்ன புரியும், எண்ணைத்தான் பார்த்தேன். முதல் பக்கத்தில் மொத்தம் அறுபது மணி நேரம் என்று இருக்கிறது, உள்ளே வரி வரியாகக் கூட்டினால் நாற்பத்தெட்டுதான் வருகிறது. இரண்டு தடவை கூட்டினேன். சார், பன்னிரண்டு மணி நேரம் காணோமே என்றேன். அவர் வாங்கிப் பார்த்தார், தாடையைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், எது விட்டது என்று அவருக்கே பிடிபடவில்லை. அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. நீ கிழித்துப் போட்ட நாட்காட்டித் தாள்களின் பின்பக்கமெல்லாம் தலைகீழாக மரம் வரைந்து வைத்திருப்பாயே, வேர் மேலே, கிளை கீழே, அப்பா கூட இது என்ன, புயலடித்த காடா என்று கேட்டாரே. அதைத்தான் சொன்னேன், "மரம்னு ஏதோ ஒண்ணு வரையுவா சார், தலைகீழா." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மரம்! மூணு வாரம் நடத்தினேன். அது இல்லாம, இந்தப் பாடமே இல்லையே" என்றார். அப்புறம் ஒரு கமா கூட இல்லாமல் சிரித்தார். தகவலைக் கிளை கிளையாக அடுக்குவதற்குத்தான் மரம் என்று பெயராம், தரவுக் கட்டமைப்பு என்று பெயர் வைத்திருக்கிற கமிட்டி முதலில் தேடுவதே அதைத்தானாம், அது இல்லாமல் போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்களாம்.

அவர் திருத்தி அச்செடுக்கும் நேரத்தில் கண்ணாடியைக் கழற்றித் தரச் சொன்னேன். என் கைப்பையில் எப்போதும் இருக்கும் சின்ன திருப்புளியால் தளர்ந்திருந்த திருகை முடுக்கி, பழைய ரப்பர் ஒன்று பையில் கிடந்தது, அதைப் பொருத்தி, காதுப் பக்கத்தை வளைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். பவரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று கொஞ்சம் அதட்டியே சொன்னேன். சரிம்மா என்றார், நீ சொல்கிற அதே மாதிரி. இரண்டு கையெழுத்தும் போட்டார், கீழே பேனாவாலேயே ஒரு வரி சேர்த்து எழுதினார், அதை நான் இங்கே எழுதமாட்டேன், அசல் உன் கையில் இருக்கிறது, நாலாவது பக்கம் அடியில் பார்த்துக்கொள். மின்னஞ்சலில் அனுப்பிய நகலில் அந்த வரி மங்கலாக விழுந்திருக்கிறது, நீ கவனித்திருக்க மாட்டாய்.

ஸ்வெட்டர் அம்மாவிடம் அன்றைக்கு மூன்றாவது தடவையாகப் போய் நின்றேன். நாலு பக்கத்தையும் புரட்டினார். "சாரா இவ்ளோ எழுதினாரு? மெமோவுக்கே ரெண்டு வார்த்தைல பதில் போடுவாரே" என்றார். முத்திரையில் மை காய்ந்திருந்தது, அதை வாயருகில் கொண்டுபோய் ஹா என்று ஊதி, நாலு பக்கத்திலும் அழுத்திக் குத்தினார். மூன்றாவது பக்கத்தில் முத்திரை கோணலாக விழுந்துவிட்டது, அது அவர் தப்பு இல்லை, அந்தச் சமயம் பார்த்து நான் மேஜையில் சாய்ந்துவிட்டேன். வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்து கிடைத்துவிட்டது என்றேன். அப்பா கட்டடத்து வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், வர வேண்டாம் என்று சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, வேலை உடுப்போடு, கையில் கிரீஸோடு நின்று, காகிதத்தைத் தொடக் கூடாது என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, நான் பிடித்துக் காட்டக் காட்ட நாலு பக்கத்தையும் படித்தார். ஒன்றும் புரிந்திருக்காது. நல்லா எழுதியிருக்காரு என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மின்னஞ்சலில் நகல் உனக்கு வந்தது, அடுத்த புதன்கிழமை நீ கூப்பிட்டாய், அது உனக்கே தெரியும். கம்ப்யூட்டர் இடம் நிலைத்தது. அந்தச் சேதியைச் சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்தது தெரியுமா, சின்ன வயதில் முதலில் விழுந்த பல்லை நீ கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாயே, அந்தக் குரல். ஆனால் அதே மூச்சில் "கணிதம் இரண்டு" என்ற பாடத்தை ஏற்றுக்கொள்ளவில்லை, முதல் வருடப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வேண்டும் என்று மூக்கைச் சிந்தினாய். அதில் எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான், கணிதத் துறையிலிருந்து போன பிள்ளைக்குக் கணிதமே செல்லவில்லை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. அத்தையிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. தெரிந்த பாடத்தை இரண்டாவது தடவை கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை, தூக்கம் வேண்டுமானால் வரும். தூங்காதே, முன் வரிசையில் உட்கார். பக்கத்தில் புரியாமல் முழிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும், அதற்குச் சொல்லிக்கொடு, ஒரு சிநேகிதம் கிடைக்கும். உன் இரண்டாம் வருட வகுப்பில் எல்லோரும் முதல் வருடத்திலிருந்தே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருக்கிறார்கள், நான் மட்டும் தனியாகச் சாப்பிடுகிறேன் என்று ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாய், உடனே பேச்சை மாற்றினாய். நான் மாற்றவில்லை, அது எனக்குள் அப்படியே இருக்கிறது. பாதியில் வந்து சேர்ந்தவளை யாரும் தானாக அழைக்கமாட்டார்கள், அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, அவர்களுக்குத் தோன்றாது. நீயே தட்டைத் தூக்கிக்கொண்டு போய் இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்டு உட்கார்ந்துவிடு. முதல் நாள் கூச்சமாக இருக்கும், மூன்றாம் நாள் நீ வராவிட்டால் தேடுவார்கள். உன்னோடு சேர்ந்த மற்ற ஐந்து பேரும் இதே போல ஐந்து மூலையில் உட்கார்ந்துகொண்டுதான் இருப்பார்கள், அவர்களைக் கண்டுபிடி. ஜலதோஷத்துக்கு மருந்து வாங்கு. ஈரத் தலையோடு படுக்காதே.

பேராசிரியருக்கு நீ ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். போனில் இரண்டு வரி தட்டி அனுப்புவது வேண்டாம், உட்கார்ந்து எழுது. போகும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் "போயிட்டாளே" என்று சொன்னாரே, அதில் எனக்குக் கேட்டது. கோபத்தில் போனாய், அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்தது, இப்போது இல்லை.

கடைசியாக ஒரு அறிவிப்பு, இதைத் தபாலில் சொல்வதுதான் பாதுகாப்பு, போனில் சொன்னால் கத்துவாய். இன்று காலை நானும் அப்பாவும் உன் அறையை ஒழித்தோம். புதன்கிழமை உன் போன் வந்தபோது அப்பா சொன்னார், அப்ப இனிமே மூணு வருஷம் அங்கதான், அந்த அறை சும்மாதான கிடக்குது, என் கருவியெல்லாம் அதுல வச்சுக்கறேன். நான் உடனே முடியாது என்றேன். உன் ஞாபகத்துக்காக அப்படியே வைக்கப் போகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டு, சரி சரி, வேண்டாம் என்று குரலைத் தாழ்த்தினார், பாவம். அதற்காக இல்லை என்றேன், எனக்கு வேண்டும் என்றேன். கடை மேஜை முதலாளியுடையது, சமையலறை மேஜை எல்லாருடையது, எனக்கென்று ஒரு மேஜையும் ஒரு ஜன்னலும் இதுவரை இருந்ததில்லை. இரண்டு நாள் சண்டை போட்டோம், நான் ஜெயித்தேன், அவருக்கு அலமாரியின் கீழ்த்தட்டு ஒன்று கொடுத்திருக்கிறேன். உன் பழைய நோட்டுகள் பெட்டியில் பத்திரம். கட்டிலை எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார், அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இதையெல்லாம் உன் மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், வெளிச்சம் நன்றாக வருகிறது, இத்தனை வருடம் இதை உனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேனே என்று பொறாமையாகக்கூட இருக்கிறது. விடுமுறைக்கு வா, கட்டிலில் படுத்துக்கொள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. மேஜை மேல் மட்டும் எதையும் பரப்பாதே, அது இனி என்னுடையது.

கை நிறைய நண்பர்களும், குறை இல்லாத உடம்பும், இடம் கேட்டு நிற்கத் தேவையில்லாத நாட்களும் உனக்கு வாய்க்கட்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். அப்பா பக்கத்தில் நின்று, சாப்பிடச் சொல்லு, அதை எழுதினியா என்று கேட்கிறார். எழுதிவிட்டேன். சாப்பிடு.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா